சந்தனம் பூசிய ஜாக்கி

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வரிசையைக் கடக்கும்போது அந்த வாசனை வந்து முகத்தில் அறைந்தது. ஒரு கடையில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிள் மட்கார்டுக்குச் சிவப்பு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார். இரண்டும் தனித்தனியே வந்தால் எனக்கு ஒன்றுமில்லை. கலந்து வந்தால் கால் நகர்வதில்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவன்போல நின்றுகொண்டேன். கண்ணுக்குள் கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக் கார் போர்ச். அதன் நடுவே, சிவப்பாக, கைப்பிடியில் பூச்சரத்தோடு, ஒரு ஜாக்கி.

காரைத் தூக்கும் ஜாக்கி ஒன்று சொந்தமாக வேண்டும் என்று எனக்கு எப்போது தோன்றியது என்று சொல்லத் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு கைக்கு ஒரு பரபரப்பு வந்திருந்தது. எழுதி எழுதிக் கை வெறும் காற்றையே பிடித்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது. இரும்பைப் பிடிக்க வேண்டும், நகத்தில் கிரீஸ் ஏற வேண்டும். பிரேக் பேட் மாற்றுவதற்குக்கூட ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவன் என் காரின் வயிற்றைப் பார்ப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பது அலுத்துவிட்டது.

இப்படி ஒன்று தோன்றினால் நான் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த நண்பன். கம்போங் மேடானில் மலிவு விலை அடுக்குமாடியில் இருந்தான். வார நாட்களில் வேன் ஓட்டுவான். சனி ஞாயிறில் அடுக்குமாடிக்குக் கீழேயே அக்கம்பக்கத்தார் கார்களைப் பழுது பார்ப்பான். அவனிடம் ஒரு தள்ளு ஜாக்கி இருந்தது. சின்னச் சக்கரங்களோடு தரையில் உருண்டு போய்க் காருக்கு அடியில் நுழைந்து, உள்ளேயிருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் தூக்கும் வகை. இரவல் வாங்கிப் போகிறவர்கள் தங்களுடையது என்று சாதிக்கிறார்கள் என்பதற்காக காரைத் தூக்கும் அதன் கையில் ரம்பத்தால் இரண்டு கோடு அறுத்து வைத்திருந்தான்.

கிள்ளானில் ஹார்ட்வேர் கடைக்கு இருவரும் போனோம். நான் இணையத்தில் படித்துவிட்டு மண்டை நிறையக் கேள்விகளோடு போயிருந்தேன். எவ்வளவு தாழ்வாக நுழையும், எவ்வளவு உயரம் தூக்கும், எத்தனை டன். கத்தரி ஜாக்கியைக் காட்டினார் கடைக்காரச் சீன ஆன்டி. அது ஏற்கெனவே என் காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் கிடக்கிறது, சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும். பாட்டில் மாதிரி நிற்கும் குட்டை ஜாக்கி பலசாலிதான், ஆனால் என் கார் தாழ்வானது, அடியில் போகாது. கடைசியில் ஒரு சிவப்புத் தள்ளு ஜாக்கியை இழுத்து வந்தார்.

“இனி பாகுஸ், பாஸ்” என்றார் மலாயில்.

“நல்லா இருக்குன்னு சொல்றாங்க டா” என்று நண்பனைப் பார்த்தேன்.

“நல்லாத்தான் இருக்கும். என்கிட்ட இருக்கிறது இதே மாடல் லா. கண்ண மூடிக்கிட்டு வாங்கு” என்றான் நண்பன்.

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். தலைப்பகுதியில் வைக்க நீல நிற ரப்பர் வில்லை ஒன்றும் வாங்கினேன், காரின் விளிம்பு நசுங்காமல் இருக்க. தூக்கிய பிறகு தாங்கி நிற்க இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி வேண்டும் என்றபோது அவன் சிரித்தான்.

“ஸ்டாண்டு எதுக்கு டா? நீ என்ன லோரியா தூக்கப் போற? ஜாக்கி நல்லதா இருந்தா போதும். நான் இத்தன வருஷமா ஸ்டாண்டு வச்சா படுக்கறேன்?”

அந்தச் சிரிப்பின் முன்னால் எப்போதும் நான் கொஞ்சம் குறுகிப் போவேன். ஸ்டாண்டு கடையிலேயே நின்றது.

அது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். எங்கள் வீட்டில் பெரியப்பா தவறிய வருடம், பண்டிகை இல்லை. பூஜை போடாத புது இரும்பில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கவிதையில் என்னென்னவோ கேள்வி கேட்கிறவன்தான். ஆனால் காரும் ஸ்பேனரும் என்று வந்தால் நான் என் தெருவைச் சேர்ந்தவன். புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் சக்கரத்தை உருட்டாதவன்.

அதை அவனே யோசித்தான் என்பதுதான் அப்போது என்னை உருக்கியது.

“ஒன் வீட்டுலதான் இந்த வருஷம் இல்லையே. நான் எடுத்துட்டுப் போறேன் மச்சான். என் சாமான்களோட வச்சுப் பூஜை போட்டுக் கொண்டாரேன்.”

தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். பூஜை முடிந்த மறுநாள் அவனே கொண்டுவந்து இறக்கினான். தூக்கும் கையில் நெற்றிப்பட்டைபோல நீளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், பம்ப் செய்யும் கைப்பிடியில் மல்லிச் சரம். கீழே எண்ணெய் அடைப்பானைச் சுற்றிலும் கனமாக இன்னொரு சந்தனப் பூச்சு. போர்ச் முழுக்க மணந்தது. சந்தன வாசனைக்கு அடியில் இன்னொன்றும் வந்தது, கூர்மையாக. புதுச் சாமான் என்றால் பெயிண்ட் வாசம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

“ரப்பர் எங்க டா?”

“ரப்பரா? ஆன்டி போடாம விட்டிருப்பாங்க. நீ கடையில பாக்கலையா?”

போட்டதைப் பார்த்த ஞாபகம். ஆனால் அவன் கேட்ட விதத்தில் என் ஞாபகமே தப்பாகத் தோன்றியது. என் மனைவி அவனுக்குத் தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, ஜாக்கியின் முன்னால் விளையாட்டாகக் கைகூப்பி, “சாமி, என் நண்பனக் காப்பாத்து” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, பிரேக் பேட் மாற்ற இறங்கினேன். ஜாக்கி காரின் முன்பக்கத்தை அழகாகத் தூக்கியது. சக்கரத்தைக் கழற்றி ஓரமாகப் போட்டேன். என் மனைவி துணி காயப்போட வந்தவள் அதில் இடறினாள்.

“நடக்கிற வழியிலயா போடுவீங்க இத?” என்று காலால் தள்ளிக் காருக்கு அடியில் விட்டாள்.

பேட் மாற்றி முடித்தேன். கொஞ்ச நாளாக உள்ளே எங்கோ ஒரு கடகட சத்தம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அதையும் பார்த்துவிடலாம் என்று மல்லாந்து படுத்து, தோள் வரைக்கும் அடியில் நுழைந்தேன். இரும்பின் நிழல் குளிர்ச்சியாக இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. மூக்குக்கு மேலே ஒரு போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் துரு எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பிறகு இன்னும் துல்லியமாக. நான் எழவில்லையே, அது எப்படிக் கிட்டே வருகிறது என்று யோசிக்கிற நேரத்தில், சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்த கார் ‘தொம்’ என்று எதன் மேலோ உட்கார்ந்தது.

மனைவி தள்ளிவிட்ட சக்கரம். அதற்கும் என் மார்புக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம். சட்டை கிழிய வெளியே ஊர்ந்து வந்தேன். அவள் நனைந்த துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அதுவரை அந்தச் சந்தனத்தை நான் துடைக்கவில்லை. பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்? தானாக உதிரட்டும் என்றுதான் விடுவோம். இப்போது பார்த்தேன். அடைப்பானைச் சுற்றியிருந்த பூச்சு, கசிந்த எண்ணெயைக் குடித்துக் கறுத்திருந்தது. பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தேன். சந்தனம் போனது. அதோடு சிவப்பும் போனது. அடியில் வேறொரு சிவப்பு, மங்கி, துருவேறி. நெற்றிப்பட்டைபோல நீளமாகப் பூசியிருந்த இடத்தில் பள்ளத்தை அடைத்திருந்த பட்டிப் பசை உதிர்ந்தது. உள்ளே ரம்பத்தால் அறுத்த இரண்டு கோடு.

அந்தக் கோடுகளை விரலால் தடவினேன். அவன் குழைத்திருப்பான் சந்தனத்தை. எங்கே எவ்வளவு பூச வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பூசியிருப்பான். என் நம்பிக்கை எது வரைக்கும் போகும், எந்த இடத்தில் என் கை துடைக்கத் தயங்கும் என்று அவனைப்போல அறிந்தவர் யாருமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்தவன் அல்லவா.

பூட்டில் கிடந்த கத்தரி ஜாக்கியால் காரைத் தூக்கிச் சக்கரத்தை மாட்டி, அந்தப் பழைய ஜாக்கியைப் பூட்டில் போட்டுக்கொண்டு கம்போங் மேடானுக்குப் போனேன். அடுக்குமாடிக்குக் கீழே ஒரு வேன் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அடியிலிருந்து அவன் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வேனைத் தாங்கிக்கொண்டிருந்தது சிவப்புத் தள்ளு ஜாக்கி. அதன் தலையில் நீல ரப்பர். பக்கவாட்டில், காய்ந்து பாதி உதிர்ந்த ஒரு சின்னச் சந்தனப் பொட்டு. உண்மையான பூஜை அதற்குத்தான் நடந்திருக்கிறது.

கொண்டுவந்ததை அவன் கால்மாட்டில் வைத்தேன். சிமெண்ட்டில் இரும்பு உட்கார்ந்த சத்தம் கேட்டு வெளியே வந்தான். துடைத்த இடத்தைப் பார்த்தான். இரண்டு கோட்டைப் பார்த்தான். என் கிழிந்த சட்டையைப் பார்த்தான்.

“அடியில படுத்தியா?” என்றான்.

“படுத்தேன்.”

“நீ படுப்பேன்னு நான் நெனைக்கல மச்சான். சத்தியமா. எழுதுற ஆளு, ரெண்டு நாள் ஆசைக்கு வாங்குறே, போர்ச்சுல ஓரமா நிக்கும்னு நெனச்சேன். அது மெதுவாத்தான் எறங்கும் லா. எனக்கு இங்க வாரா வாரம் வேல…”

“கேட்டிருக்கலாமே டா.”

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான், சுத்தமாக இருந்ததை மேலும் மேலும். நான் சாகக்கூடும் என்று தெரிந்து கொடுத்திருந்தால்கூட ஒருவேளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நான் எதையும் நிஜமாகச் செய்யப் போவதில்லை என்று நம்பிக் கொடுத்திருக்கிறான். அதுதான் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

“இந்த வேன் மட்டும் முடியட்டும். எறக்கி ஒன்னோடத ஒன் பூட்டுல நானே ஏத்தி விடறேன்” என்றான்.

வேனைப் பார்த்தேன். அவ்வளவு கனத்துக்கும் அடியில் அந்த ஒற்றை ஜாக்கிதான். பக்கத்தில் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. வேனுக்குச் சொந்தக்காரர் சற்றுத் தள்ளிச் சிகரெட்டோடு காத்திருந்தார். அவன் மறுபடி படுக்கத்தான் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

“வேணாம், நீயே வச்சிக்க” என்றேன். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினேன்.

“ஸ்டாண்டு வாங்கி வச்சுட்டுப் படு டா.”