மூன்றாவது கொக்கி

என் மேசைக்கு எதிரே ஜன்னல் கம்பியில் ஓர் இரும்புக் கொக்கி தொங்குகிறது. ஒரு சாண் நீளம், ஆள்காட்டி விரல் கனம். ஜொகூரின் ஈரக் காற்றில் துருப்பிடிக்காத இரும்பை நான் பார்த்ததில்லை. வாசல் கேட்டுக்கு வருஷம் தவறாமல் சாயம் அடிக்கிறேன். அதுவும் வருஷம் தவறாமல் உதிர்ந்து என் மானத்தை வாங்குகிறது. இந்தக் கொக்கியின் வெளிப்புறமும் அப்படித்தான், செதில் செதிலாகக் கொட்டும். ஆனால் உள்வளைவு, கயிறு படுகிற இடம், யாரோ தினமும் தேய்த்து வைப்பதுபோல் பளபளவென்று இருக்கிறது. வேண்டுமென்றே ஒரு மழைக்காலம் முழுவதும் அதைக் கொல்லையில் போட்டு வைத்தேன். உப்புத் தண்ணீர்கூட ஊற்றினேன். “என்னா, பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா உங்களுக்கு?” என்றாள் என் மனைவி. அவளிடம் காரணம் சொல்லவில்லை. துணியால் துடைத்து மறுபடி ஜன்னலிலேயே மாட்டினேன்.

இது என் கைக்கு வந்த காலத்தில் நான் எங்கள் ஊர் நகராண்மைக் கழகத்தில் அதிகாரி. பழைய கட்டடம் எதையாவது இடிக்க மனு வந்தால், அதைக் காக்கலாமா வேண்டாமா என்று கருத்துச் சொல்ல, ஊர்ப் பொதுமக்கள் ஏழு பேர் கொண்ட பாரம்பரிய ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அதற்குச் செயலாளர் நான். விதிகள் நான்கைந்து பக்கம்தான். ஐந்து பேராவது இருந்தால்தான் ஒரு விஷயத்தைப் பேசி முடிவெடுக்கலாம். கட்டடத்தோடு சம்பந்தம் உள்ள உறுப்பினர் அதை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த விஷயம் முடியும்வரை வெளியே உட்கார வேண்டும். குழுவின் கருத்து ஒரு மாதத்துக்குள் போகாவிட்டால் இடிப்பதற்கு ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம். இந்த நான்கைந்து பக்கத்தைப் படித்தவன் எங்கள் அலுவலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இதில் பெரும்பாலும் சொல்லப்போகிறேன்.

குழுவில் ஒரே தமிழர், நாங்கள் லீடரம்மா என்று கூப்பிட்ட பெண்மணி. செனாய் தொழிற்பேட்டையில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒல்லியான உடம்பு, வெளுத்த பஞ்சாபி சூட், வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்து. கூட்டம் பத்து மணிக்கு என்றால் பத்து நிமிஷம் முன்னதாகவே நாற்காலியில் இருப்பார். “பெல்லு அடிக்கிறப்ப லைன்ல நிக்கணும் சார், அப்பிடியே பழகிப்போச்சு” என்பார். என்னைக் கிண்டல் செய்வதில் அவருக்கு அலாதி சந்தோஷம். “நம்ம சாரு தூங்கறப்பகூட ரூல் புக்கத்தான் தலைக்கு வெச்சிக்குவாரு” என்று மற்றவர்களிடம் மலாயில் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஆனால் விதி என்று நான் வாயைத் திறந்தால் முதலில் கீழ்ப்படிகிறவரும் அவர்தான். ஃபேக்டரி அப்படி ஆக்கியிருந்தது. அல்லது அதற்கும் முன்னால் நடந்த ஏதோ ஒன்று அப்படி ஆக்கியிருந்தது.

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையை இடிக்க மனு வந்தது. ரப்பர் காலத்தில், விடியலிலேயே பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. ஒன்றிரண்டு ஆயாக்கள் அத்தனை குழந்தைகளையும் பார்த்துக்கொள்வார்கள். இப்போது சுற்றிலும் செம்பனை எண்ணெய் மரங்கள். தோட்டம் கைமாறி, கொட்டகை உரமூட்டை போடும் இடமாகி, கடைசியில் பூட்டிக் கிடந்தது. அங்கே தாமான் என்கிற குடியிருப்பு வரப்போகிறது, வீடுகள் வரப்போகின்றன. குழு நேரில் போய்ப் பார்த்தது. நல்ல வெயில், பதினோரு மணி இருக்கும். எங்களோடு வந்த மலாய்த் தொழில்நுட்ப உதவியாளர் வாசலில் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லி அனுமதி கேட்டார். நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். இந்த நாட்டில் காலியாய்க் கிடக்கிற இடத்துக்குள் கேட்காமல் நுழைகிற தைரியசாலி யாரும் கிடையாது. லீடரம்மா உள்ளே வரவில்லை. “நீங்க போய் பாருங்க சார். நான் இங்கயே நிக்கிறேன்” என்று வெட்டவெளியில், வெயிலிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே பலகைச் சுவர், சிமெண்டுத் தரை, தலைக்கு மேலே நீளமாக ஒரே உத்திரம். உத்திரத்தில் வரிசையாகத் தொட்டில் கொக்கிகள். ஆய்வு அறிக்கைப் பாரத்தில் எண்ணிக்கை எழுத வேண்டுமே, எண்ணினேன். இருபத்திரண்டு. எல்லாம் துருவேறி, தொட்டால் உதிர்ந்துவிடும் நிலை. ஒன்று மட்டும், ஜன்னல் பக்கமிருந்து மூன்றாவது, உள்வளைவு வளையல்போல மின்னியது. உதவியாளர் மூக்கை உறிஞ்சி, இது என்ன வாடை என்று கேட்டார். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. சுட்ட வசம்பின் வாசனை. என் மகளுக்கு மூன்று மாதமாக இருந்தபோது எங்கள் வீடு முழுவதும் அந்த வாசனைதான். உரமும் எலிப் புழுக்கையுமாய்க் கிடந்த இடத்தில் அது எங்கிருந்து வந்தது? படம் எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டோம்.

“எத்தன கொக்கி சார் இருக்கு?” என்றார் லீடரம்மா. சொன்னேன். “ஜன்னல்கிட்ட இருந்து மூணாவது?” நான் அதைப் பற்றி மூச்சே விட்டிருக்கவில்லை. “இருக்கும்மா. அது மட்டும் துருப்பிடிக்கல” என்றேன். அவர் கொட்டகையைப் பார்க்கவில்லை, தன் கேன்வஸ் சப்பாத்தைப் பார்த்தார். “அப்ப இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார். யார், என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். வெயில், பசி, அலுவலக வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வேனில் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். அதற்கு முந்தைய கூட்டத்தில் ஓர் உறுப்பினர் தன் மச்சானின் கடைவீட்டு மனுவுக்குச் சத்தமில்லாமல் கை தூக்கிவிட, அதற்கு நான் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலில், கூட்டம் தொடங்கியதும் சம்பந்தம் பற்றிய விதியை உரக்கப் படித்தேன். யார் முகத்தையும் பார்க்காமல், எல்லோரும் குற்றவாளிகள் என்பதுபோலப் படித்தேன். ஆயாக் கொட்டகை முறை வந்ததும் லீடரம்மா எழுந்து நின்றார். “சார், எனக்கு இதுல சம்பந்தம் இருக்கு. நான் வெளிய போகணுமா?” என்று தமிழில் கேட்டார்.

“சம்பந்தம் இருந்தா போய்த்தான் ஆகணும்மா. ரூல்” என்றேன். சம்பந்தத்தை எழுதித் தரும் பாரத்தை நீட்டினேன். இவ்வளவுதான் நான் செய்தது. அந்த விதியில் சம்பந்தம் என்றால் நிலம், வியாபாரம், குடும்பத்துச் சொத்து. அதை அப்போதே அறிவேன். என்ன சம்பந்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உட்காருங்கள் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அவர் பாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அதன்பிறகுதான் தலைவர், ஓய்வுபெற்ற மலாய்ப்பள்ளி ஆசிரியர், மேசையைச் சுற்றி விரலால் எண்ணி, “அலமாக்!” என்றார். நான்கு பேர்தான் மிச்சம். மூவர் கொட்டகையைக் காக்கலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். லீடரம்மா உள்ளே இருந்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவரைக் கூப்பிடத்தான் எழுந்து போனேன். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. நடைபாதையில், சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் நேராக உட்கார்ந்திருந்தார். பாரம் மடியில் இருந்தது, வலது கையில் பேனா. இடது கை மட்டும் இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்து, மெதுவாக இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் பேனாவை வைத்தார். “ஷ்… இப்பதான் கண்ண மூடுது” என்றார். பகல் பதினொன்றரை மணி. கீழே கவுன்ட்டரில் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நுனிக்காலில் திரும்பி வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். என் இடத்தில் உட்கார்ந்து, உறுப்பினர் எண்ணிக்கை போதாததால் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன். பயம். வேறொன்றுமில்லை.

கூட்டம் முடிந்து வந்தபோது அவர் பழையபடி லீடரம்மாவாக இருந்தார். “ஓட்டு எப்பிடி சார் போச்சு?” என்று கேட்டார். ஒத்திவைத்திருக்கிறோம் என்றேன். பாரத்தைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். சம்பந்தத்தின் விவரம் என்ற இடத்தில், மலாய்ப் பாரத்தில், தமிழில் எழுதியிருந்தார்: ‘என் தங்கச்சியை அங்கே விட்டுவிட்டு வந்தேன்.’ இது வெளியே அனுப்பும்படியான சம்பந்தம் இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். செயலாளர் ஒரு கடிதம் போட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டலாம் என்ற விதியும் இருந்தது, அதுவும் எனக்குத்தான் தெரியும். கடிதம் போட்டால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், விதியைக் கரைத்துக் குடித்தவன் விதியைத் தப்பாகச் சொன்னான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த கூட்டம் வரட்டும் என்று இருந்தேன். திருநாள் விடுமுறைகள் வந்தன, கூட்டம் தள்ளிப்போனது. ஒரு மாதம் முடிந்தது. ஆட்சேபம் இல்லை என்று ஆகிவிட்டது.

கொட்டகையை இடித்த மறுவாரம் அவர் கவுன்ட்டருக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் இந்தக் கொக்கி. பழைய இரும்புக் குவியலிலிருந்து வேலையாட்களிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அன்றைக்குத்தான் முழுவதும் சொன்னார். அவருக்கு ஆறு வயது. ஆயாவுக்குக் கை போதாது; அதனால் அம்மா இவரையும் கொட்டகையில் விட்டு, தங்கச்சி தொட்டிலை ஆட்டச் சொல்லிவிட்டுப் போவாராம். கயிற்றை விடாதே, அவ்வளவுதான் உத்தரவு. ஒருநாள் வெளியே ஐஸ்காரன் மணி கேட்டது. கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது தொட்டில் துணி முறுக்கிக்கொண்டு கிடந்தது, உள்ளே அசைவே இல்லை.

“அதுக்கப்புறம் நான் உள்ள கால் வெச்சதே இல்ல சார். இத்தன வருஷமா அத யாரு ஆட்டுனாங்கன்னு எனக்குத் தெரியாது” என்றார். “இத வீட்ல வெச்சேன். தூங்க முடியல. நீங்க வெச்சிக்கங்க.”

“நான் எதுக்கும்மா?” என்றேன்.

“நீங்கதான சார் வெளிய போகச் சொன்னீங்க.” குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் பொறுப்பை ஒப்படைப்பதுபோல் பையை மேசையில் வைத்தார். “உங்க மேல தப்பு இல்ல. ரூல் அதானே. நான்தான் ரெண்டாவது தடவையும் கயித்த விட்டுட்டேன்.”

இல்லை அம்மா, நீங்கள் விடவில்லை, நீங்கள் வெளியே போகவே வேண்டியதில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். “பார்த்துப் போங்கம்மா” என்றேன். சே, என்ன மனிதன் நான்! அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் குழுவுக்கு ராஜினாமா கொடுத்தார், பிறகு உடம்புக்கு முடியாமல் போனார். அவர் சாவுக்குப் போனபோது பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள்.

நான் ஓய்வுபெற்றபின் என்னையே குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள், அவர் உட்கார்ந்திருந்த பொதுமக்கள் இடத்தில். போன வாரக் கூட்டத்தில், ஒன்பதாங்கட்டைத் தாமானின் நுழைவாயிலில் வைக்கப்போகும் வரலாற்றுப் பலகையின் வாசகம் வந்தது. இங்கே குறிப்பிடத்தக்க பழைய கட்டடம் எதுவும் இருந்ததாகப் பதிவு இல்லை என்று அதில் இருந்தது. எழுந்து நின்றேன். எனக்கு இதில் சம்பந்தம் இருக்கிறது, வெளியே போகிறேன் என்றேன். இப்போதைய செயலாளர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத தமிழ்ப் பெண், தலை நிமிர்ந்து பார்த்தாள். “என்ன சம்பந்தம் அங்கிள்?” என்று கேட்டாள். அவ்வளவு சுலபமாகக் கேட்டாள். அங்கே உங்களுக்கு நிலம் கிலம் இருக்கிறதா, சொந்தக்காரர் வியாபாரம் ஏதாவது இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். “அப்ப இதெல்லாம் கணக்குல வராது அங்கிள். நீங்க வெளிய போக வேண்டியதில்ல. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொட்டகை இருந்தது, இருபத்திரண்டு கொக்கிகள் இருந்தன, நானே எண்ணினேன் என்று சொன்னேன். அன்றைக்கு நான் தப்பாகச் சொன்னதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கூட்டக் குறிப்பில் எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தவள் நிறுத்தி, “அங்கிள், கை வலிக்குதா?” என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். மேசைக்குக் கீழே என் இடது கை எதையோ பிடித்து மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

லீடரம்மாவிடம் சொல்லாத வாக்கியத்தை நேற்றுக் கொக்கியிடம் வாய்விட்டுச் சொன்னேன், பைத்தியக்காரன்போல. இன்று காலை பார்த்தேன், உள்வளைவு அப்படியேதான் மின்னுகிறது. நான் வலது கையால் எழுதுகிறவன். இதை எழுதும்போது இடது கை சும்மா இருக்க வேண்டும். இருக்கவில்லை. நானும் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. நிறுத்தினால் விழித்துக்கொள்ளுமே.