இருபது முறை அறுத்த இணைப்பு

ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'இழுத்துப்பாரு அக்கா'. ஏற்றுமதிக்குப் போகும் சட்டைகளின் தரம் பார்ப்பது வேலை. சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, தையலை இரண்டு கையாலும் இழுப்பார். பிரிந்தால் கட்டு முழுக்கத் திரும்பிப் போகும். யாருடைய முகத்துக்காகவும் அவர் ஒரு சட்டையைக்கூடத் தேற்றிவிட்டதில்லை.

அந்த ஆலையின் பின்கதவை வேலை நேரத்தில் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். துணி திருட்டுப் போகிறதாம். முந்நூறு பெண்களின் உயிரைவிட நாலு முழம் துணி உசத்தி என்று நினைத்த மூளையை என்னவென்று சொல்வது! ஒரு நாள் இஸ்திரிப் பகுதியில் தீப்பிடித்தது. புகையில் கதவைத் தட்டித் தட்டியே ஒருத்திக்கு விரல் எலும்பு முறிந்தது. "எல்லாம் விதி" என்றார் மேலாளர். விதிக்குச் சாவி கிடையாது. இந்தக் கதவுக்கு இருந்தது. அவர் இடுப்பிலேயே தொங்கியது.

முப்பத்தெட்டுப் பெண்கள் தொழிற்சங்கத்திடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். சட்டைகளை வாங்கும் நிறுவனத்தின் நாட்டில் விசாரணை என்று முடிவானது. சங்கத்தின் சார்பில் போக வேண்டியவர் அக்கா. ஒரே நிபந்தனை: முப்பத்தெட்டுப் பெயர்களும் நடுவர்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுநாளே வேலை போகும்.

லேப்டாப்பில் எடுத்துப்போனால் வழியில் எவனாவது திறந்து பார்ப்பான். ஆகவே வாக்குமூலங்கள் சங்கத்தின் இணையதளத்திலேயே இருக்கும். அங்கே போய் இறக்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ஆனால் தளம் அரதப் பழசு, தகவலை மூடி அனுப்பத் தெரியாதது. தங்கப்போகும் விடுதியோ அந்த நிறுவனமே எடுத்துக் கொடுத்தது. மேலாளருக்கும் அங்கேதான் அறை. விடுதியின் வைஃபையை நடத்துகிறவன் நினைத்தால் பெயர்களை வரிசையாகப் படித்துவிடலாம்.

சங்கச் செயலாளர் வழி சொன்னார்: "விபிஎன் போட்டுக்கம்மா. என் மச்சான் ஒண்ணு வெச்சிருக்காரு. இலவசம், அஞ்சு நட்சத்திரம். நம்பினார் கெடுவதில்லை."

"கெட்டவங்க பூராவும் நம்பினவங்கதான் தலைவரே" என்றார் அக்கா.

விபிஎன் நம் போக்குவரத்தை மூடிக் கட்டித் தன் வாசல் வழியாக அனுப்புகிற செயலி. விடுதிக்காரன் கண்ணில் எதுவும் படாது. நடத்துகிற நிறுவனத்தின் கண்ணில் படலாம். அதனால் யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. போகிற நாட்டில் அதற்குத் தடை இல்லை என்பதை முதலில் விசாரித்துக்கொண்டார். பிறகு, கணினி பழுது பார்க்கும் கொழுந்தனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

மச்சானின் இலவசச் செயலிக்கு உரிமையாளர் யார் என்றே இல்லை. விதிமுறையின் பதினோராம் பக்கத்தில், 'பயனர் தகவலைக் கூட்டாளிகளுடன் பகிர்வோம்' என்று இருந்தது.

"யாரு இந்தக் கூட்டாளிங்க?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் எப்படி அண்ணி பொழைக்கிறது?"

அது கழிந்தது. இரண்டாவது, காசு கட்டி வாங்குவது. விளம்பரத்தில் சிங்கம் கர்ஜித்தது. ஒரு கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே விபிஎன் இணைப்பை மட்டும் அறுக்கச் சொன்னார் அக்கா. கோப்பு நிற்காமல் இறங்கியது. மூடி பறந்துபோனதைக்கூடச் சொல்லாமல் வெறும் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது சிங்கம்.

மூன்றாவதன் நிறுவனத்துக்கு முகவரி இருந்தது. பயனர் பதிவுகளை வைப்பதில்லை என்று வெளியார் வந்து சோதித்த அறிக்கையும் இருந்தது. இணைப்பை அறுத்தார்கள். இணையமே நின்றுபோனது.

"தேறிடுச்சு. காபி போடுங்க அண்ணி."

"ஒரு சட்டையைப் பாத்துட்டுக் கட்டையே தேத்துவாங்களா? இருபது தடவை அறு."

"இது சட்டை இல்ல அண்ணி!"

"அறுடா."

பதினேழாம் முறை லேப்டாப்பை மூடித் திறந்து பார்த்தார்கள். விபிஎன் விழித்துக்கொள்ளும் முன் நாலு விநாடி வெறும் இணையம் ஓடியது. கொழுந்தன் அமைப்புகளைத் துழாவி, 'விபிஎன் இல்லாமல் எதுவும் போகாதே' என்ற ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்துக் குறியிட்டான். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினார்கள். இருபதுக்கு இருபது.

"உங்களுக்கு வாக்கப்பட்ட எங்கண்ணன் பாவம்" என்றான் அவன், காபியை வாங்கிக்கொண்டே.

விடுதியில் முதல் காலை. வைஃபையில் நுழையும் பக்கமே வரவில்லை. கொழுந்தன் குறியிட்ட அந்த விபிஎன் பூட்டு அதையும் சேர்த்துத் தடுத்தது. விசாரணைக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கா பதறவில்லை. மற்ற எல்லாவற்றையும் மூடினார், பூட்டைத் தளர்த்தினார், அறை எண்ணைக் கொடுத்து நுழைந்தார், பூட்டினார். இணைய முகவரி காட்டும் பக்கத்தில் தன் இருப்பிடம் விபிஎன் வாசல் இருக்கும் வேறு ஊராகத் தெரிந்த பிறகே சங்கத்தின் தளத்தைத் தொட்டார். ஒன்பது நிமிடத்தில் முப்பத்தெட்டும் வந்து சேர்ந்தன.

கீழே உணவுக்கூடத்தில் மேலாளர் இளித்தார். "என்னம்மா, ரூம்ல வைஃபை எல்லாம் கிடைக்குதா?"

"ஜோரா கிடைக்குது சார். நீங்க ஏற்பாடு பண்ணதாச்சே!"

நடுவர்கள் பெயர்களைத் தங்களோடு வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் சொல்லி வாக்குமூலங்களைப் படித்தார்கள். முதலாம் சாட்சி, இரண்டாம் சாட்சி, முப்பத்தெட்டாம் சாட்சி. கர்மபலன், கெட்ட நேரம் என்றெல்லாம் நிர்வாகம் பாடிய பாட்டு ஒவ்வோர் எண்ணிலும் செத்தது. தீர்ப்பு மூன்றே வரி: பூட்டை அகற்று. விரல் முறிந்தவருக்கு ஈடு கொடு. எவரையும் வேலையிலிருந்து நீக்காதே.

ஊர் திரும்பிய மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார்: "எவ எவ எழுதிக் கொடுத்தது? மரியாதையா சொல்லிடுங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பரவி முன்னே வந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பாட்டு அறைக்கு முன்கதவுதான் பக்கம். அன்று ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அகலத் திறந்து கிடந்த பின்கதவு வழியாக வெயிலில் இறங்கி, ஆலையை முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.