சந்துன் பேசிய தமிழ்

சென்ற சனிக்கிழமை கண்டியில் ஒரு மண்டப மேடையில் ஏறி, கைதட்டலுக்கு நடுவே ஒரு சான்றிதழ் வாங்கினேன். நிறுவனத் தொடர்பாடல் டிப்ளோமா. வயதைக் கேட்காதீர்கள். என்னோடு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு என் மகளின் வயது.

"இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்?" என்று வீட்டுக்காரர் ஆரம்பத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். நகரத்தில் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர் வேலை, வாரம் ஒருமுறை உங்களோடு இந்தப் பக்கத்தில் அரட்டை... போதாதா? போதும்தான். ஆனாலும் சனிக்கிழமை தோறும் ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவதில் ஒரு சுகம் இருக்கிறது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மேடையில் நின்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சான்றிதழுக்காக இல்லை. எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேருக்காக. அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

எங்கள் விரிவுரையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. நாங்கள் மேடம் என்போம். சிரிக்க மாட்டார், ஆனால் நன்றாகக் கற்பிப்பார். குழுவேலைக்கு ஆட்களை நாங்களே தெரிந்தெடுக்க அவர் விடவில்லை. சீட்டுக் குலுக்கினார். எனக்கு வாய்த்தவர்கள் இவர்கள்.

ரிஸ்வான். மடவளைக்காரர். கட்டுகஸ்தோட்டையில் புடவைக்கடை. வாப்பா வருத்தத்தில் படுத்துவிட்டதால் உயர்தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர். இந்த டிப்ளோமாதான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் எடுக்கப்போகிற முதல் சான்றிதழ்.

ஜெயராணி. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண், கல்யாணமாகி அம்பிட்டியவில் குடியிருக்கிறாள். அரச அலுவலகத்தில் நல்ல பதவி. மென்மையாகப் பேசுவாள், ஆனால் சொன்னதிலிருந்து அசைய மாட்டாள்.

சந்துன். பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவு அதிகாரி. சிங்களவர், பௌத்தர். தமிழில் அவருக்குத் தெரிந்தவை வணக்கம், சாப்பாடு, நாளைக்கு. சிங்களத்தில் அவர் என்னை அக்கே என்பார், நான் அவரை மல்லி, அதாவது தம்பி, என்பேன்.

நாலு பேரும் கூடிப் பேச ஒரு நாள் வேண்டுமே... வெள்ளி பகல் ரிஸ்வானுக்கு ஜும்ஆத் தொழுகை. வெள்ளி மாலை எனக்குக் கோயில். ஞாயிறு காலை ஜெயராணிக்குப் பூசை. பௌர்ணமிப் போயா நாளில் சந்துன் தாயாரோடு விகாரைக்குச் சில் விரதம் எடுக்கப் போய்விடுவார். சாமிகளுக்கெல்லாம் நேரம் ஒதுக்கியது போக, எங்களுக்கு மிஞ்சியது சனிக்கிழமை வகுப்பு முடிந்து பஸ் ஏறுவதற்கு முந்திய கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் வராந்தாவில் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்தோம்.

மேடம் கொடுத்த வேலை இது. ஓர் உண்மையான நிறுவனத்தில் உண்மையான ஒரு தொடர்பாடல் சிக்கலைத் தீர்க்க வேண்டும். அவர் நேரில் வந்து பார்ப்பார். ஒவ்வொருவரும் நேரில் நின்று தம் பங்கைச் செய்ய வேண்டும். வராதவருக்குப் புள்ளி கிடையாது.

சிக்கலைக் கொண்டுவந்தவர் சந்துன். அவருடைய தொழிற்சாலையில் தீ விபத்து ஒத்திகை நடந்திருக்கிறது. சைரன் அடித்திருக்கிறார்கள், ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் — தேயிலைத் தோட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் தமிழ்ப் பெண்பிள்ளைகளைத் தவிர. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு முன்னைவிட வேகமாகத் தைத்துக்கொண்டிருந்தார்களாம்.

ஏன் என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறாள், டார்கெட் போதவில்லை என்றுதான் சத்தம் போடுகிறார்கள் என்று நினைத்தோம், சார்.

இதைச் சொல்லும்போது சந்துன் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. உண்மையான நெருப்பாக இருந்திருந்தால்? வேலையைத் தொடங்கினோம்.

அறிவித்தலைத் தமிழில் எழுதும் பொறுப்பு எனக்கு. எழுதுகிறவள் அல்லவா... 'இயந்திரங்களை நிறுத்திவிட்டு, அண்மையிலுள்ள அவசர வெளியேற்ற வழியினூடாக' என்று ஆரம்பித்து அழகாக ஒரு பந்தி. ரிஸ்வான் வாசித்துப் பார்த்தார்.

"அக்கா, இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நெருப்பு நம்மள்ட்ட வந்துரும்."

பிறகு அவரே சொன்னார். மெஷின நிறுத்துங்க. பைய எடுக்க வேணாம். ஓட வேணாம், நடங்க. இந்த வழியாப் போங்க. அவ்வளவுதான். தோட்டத்துப் பெண்களுக்கு நாளெல்லாம் துணி விற்கிறவர், அவர்கள் காதுக்கு எது ஏறும் என்று தெரிந்து வைத்திருந்தார். ஆகவே தொழிற்சாலைத் தளத்தில் நின்று பேசுவது ரிஸ்வான் என்று முடிவாயிற்று. கதவடியில் ஆட்களை வழிநடத்துவது ஜெயராணி. சந்துனுக்கு முகாமையாளரைச் சம்மதிக்க வைக்கும் வேலை. அதுதான் கஷ்டமானது. தையல் லைன்களை நிறுத்த எந்த முகாமையாளருக்கு மனம் வரும்? ஒரே ஒரு சனிக்கிழமை கொடுத்தார். குழப்பம் ஏதும் வந்தால் இனி இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நாள் குறித்தாயிற்று. கலண்டரில் நோன்புப் பெருநாள் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. சனிக்கிழமைக்குப் பிரச்சினை இல்லை.

ஆனால் பிறை, கலண்டரைப் பார்த்தா வருகிறது?

வெள்ளிக்கிழமை பிறை தெரிந்தால் சனிக்கிழமையே பெருநாள். இதை ரிஸ்வான் தயங்கித் தயங்கிச் சொன்னார். மேடத்திடம் போனோம். தொழிற்சாலை மாற்றாது, என்னாலும் மாற்ற முடியாது என்றார். அன்றைக்கு வர முடியாதவருக்குப் புள்ளி போட விதியில் இடமில்லை என்றும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை. மலைக்கு மேல் முகில். பிள்ளையாரப்பா, இந்த முகில் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்...

ஜெயராணிக்குப் போன் எடுத்தேன். அவளும் அம்பிட்டியவில் வாசலில் நின்று வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பிள்ளை ஒரு மாதமா நோன்பு பிடிச்சிருக்கு. அவற்ற பெருநாளைத் தள்ளிப் போடச் சொல்லி நாங்கள் செபிக்கேலாது."

"அப்ப என்னம்மா செய்யிறது?"

"எங்களுக்குப் பலம் தரச் சொல்லிக் கேப்பம். அது கேக்கலாம்."

நான் மேற்கே பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

வானொலியில் அறிவித்துவிட்டார்கள். நாட்டில் வேறெங்கோ பிறை தென்பட்டிருந்தது. நாளை பெருநாள்.

ரிஸ்வான் உடனே அழைத்தார். தொழுகையை முடித்துக்கொண்டு முச்சக்கரவண்டி பிடித்து எப்படியாவது வருகிறேன் என்றார். பெருநாள் காலையில், வருத்தக்கார வாப்பாவையும் வீடு நிறைய வருகிற சொந்தங்களையும் விட்டுவிட்டா? வேண்டாம் தம்பி, தமிழில் பேசுகிற வேலையை நான் செய்கிறேன் என்றேன். எனக்கென்ன, நாக்கில் இருக்கிற மொழிதானே.

இதைச் சந்துனிடம் சொன்னபோதுதான் அவர் குறுக்கிட்டார். மூவரையும் ஒரே அழைப்பில் சேர்த்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். அக்கா நாளைக்குப் பேசிவிட்டுப் போய்விடுவார். திங்கட்கிழமை அந்தத் தளத்தில் இருக்கப் போகிறவன் நான். நெருப்பு வந்தால் கத்தப் போகிறவனும் நான். அந்தப் பிள்ளைகள் என் வாயிலிருந்துதான் இதைக் கேட்க வேண்டும். ரிஸ்வான் சொல்லித் தரட்டும், நான் பேசுகிறேன்.

ஒரு வருடம் படித்த பாடத்தின் சாரத்தை மனிதர் நாலு வசனத்தில் சொல்லிவிட்டாரே.

பெருநாளுக்கு முந்திய மாலை, ஒரு புடவைக்கடையில் எப்படி இருக்கும்? வருடத்திலேயே பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். அந்தச் சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ரிஸ்வான் ஒவ்வொரு வரியையும் வொய்ஸ் மெசேஜாக அனுப்ப, சந்துன் அதைத் திருப்பிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் வாட்ஸப் குழுவில் நாங்களும் கேட்டோம். பின்னணியில் துணி கிழிபடுகிற சத்தம், யாரோ சாரிக்கு விலை கேட்கிற சத்தம். நடுவில் ரிஸ்வான், "சேர், வேணாம்... வே-ணாம். இன்னொருக்கா சொல்லுங்க. சரி, இப்ப சரி." ஒருமுறைகூடக் குரலில் சலிப்பு இல்லை.

சனிக்கிழமை காலை பல்லேகல. மேடம் கொப்பியோடு வந்து ஓரமாக நின்றார். முகாமையாளர் கைகட்டி நின்றார். வரவை மேடம் குறித்துக்கொண்டபோது, ரிஸ்வானின் பெயருக்கு நேரே அவருடைய பேனா நின்றது. ஜெயராணி பக்கத்தில் போய் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள், அவர் வந்திருக்கிறாரா இல்லையா என்பதை எல்லாம் முடிந்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்று. மேடம் அவளை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மூடினார்.

சந்துன் தமிழ்ப் பிள்ளைகள் இருந்த லைன்களுக்கு நடுவில் போய் நின்றார். மைக் பிடிக்கவில்லை. கழுத்தில் வியர்வை.

"வணக்கம். சைரன் அடிச்சா... மெஷின நிறுத்துங்க. பைய எடுக்க வேணாம். ஓட வேணாம், நடங்க." கதவைக் காட்டினார். "இந்த வலியாப் போங்க."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முகாமையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, என்று நினைத்தேன்.

ஒல்லியாக ஒரு பிள்ளை எழுந்தாள்.

"சார், வலி இல்லீங்க சார். வழி."

சந்துன் வெட்கப்படவில்லை. அவளை நோக்கித் திரும்பினார். "வளி?" இல்லை. "வலி?" இல்லவே இல்லை. இதற்குள் ஒரு லைன் முழுவதும் கோரஸாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டது. வலி என்றால் என்ன என்று அவர் சிங்களத்தில் கேட்டார். ஒரு பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகிக் காட்டினாள். சந்துன் யோசித்தார். பிறகு, யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வசனத்தைத் தமிழில் சொன்னார்.

"இந்த வழி போகாட்டி... வலி வரும்."

ழகரம் சரியாக விழுந்தது. தளமே சிரித்தது. அந்தச் சிரிப்பு வேறு மாதிரியான சிரிப்பு. ஒரு மனிதரைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டுவிட்ட சிரிப்பு.

சைரன் அடித்தது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் எழுந்தார்கள். ஒருத்தி பழக்கதோஷத்தில் சாப்பாட்டுப் பையை எடுக்கக் குனிந்தாள். பக்கத்தில் இருந்தவள் "பைய விடுடி" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். கதவடியில் ஜெயராணி நின்று ஒவ்வொருவரையும் முற்றத்துக்கு அனுப்பினாள். உள்ளே ஒருவரும் மிஞ்சவில்லை. வெயிலில் லைன் லைனாக நின்ற அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அன்றைக்குக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தானே.

முகாமையாளர் கையைக் கட்டவிழ்த்தார். அடுத்த ஒத்திகைக்கும் இப்படியே செய்யலாம் என்றார்.

மேடம் சந்துனிடம் வந்து, யார் இதைக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். சந்துன் கைபேசியை எடுத்து அந்த வொய்ஸ் மெசேஜ்களைப் போட்டுக் காட்டினார். மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முற்றத்தில் நின்று கடைசிப் பதிவு வரை கேட்டார். கேட்டு முடிந்ததும், அடுத்த வாரம் ரிஸ்வானுக்குத் தனியாக வாய்மொழித் தேர்வு வைப்பதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் ரிஸ்வான் பெருநாள் இனிப்பாக ஒரு பாத்திரம் வட்டிலப்பத்தோடு வந்தார். மேடம் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். முழுக் காலையும் உங்கள் டிப்ளோமா அந்தரத்தில் நின்றது, ஒரு தடவைகூட ஏன் நீங்கள் போன் எடுத்து விசாரிக்கவில்லை?

ரிஸ்வான் எங்களைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பதில் சொன்னார். வெளியே வந்தபின் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னதும் அதையேதான்.

"பள்ளில தொழுதுட்டு துஆ கேட்டேன் அக்கா. கேட்டதுக்குப் பொறகு போன் எடுத்தா, நம்பல்லன்டுதானே அர்த்தம்? அல்லாவையும் நம்பல்ல, ஒங்களையும் நம்பல்ல."

பாட முடிவில் நாங்கள் ஒவ்வொருவரும் ஓர் அனுபவக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில். ஃபெய்த் என்று ஒரு சொல், ட்ரஸ்ட் என்று ஒரு சொல். கடவுளுக்கு ஒன்று, கூட வேலை செய்கிறவனுக்கு ஒன்று. நான் கொஞ்சம் கர்வத்தோடே எழுதினேன் — மேடம், எங்கள் மொழியில் இரண்டுக்கும் நம்பிக்கை என்ற ஒரே சொல்தான். கோயிலுக்குள் வைத்திருப்பதையேதான் வேலைத்தளத்துக்கும் கொண்டுவருகிறோம். அன்றைக்கு நாலு மதக்காரர்கள் நாலு இடத்தில் வேண்டிக்கொண்டோம். ஆனால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் கைகொடுத்தோம். இதில் எது பக்தி, எது குழுவேலை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

எங்கள் குழுவுக்குக் கிடைத்த புள்ளியைச் சொல்ல மாட்டேன். கண் பட்டுவிடும். நாலு பேரும் சேர்ந்து மேடை ஏறினோம். ரிஸ்வானின் வாப்பா சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். அவ்வளவு சொன்னால் போதும்.

நேற்றுக் காலை சந்துன் போன் எடுத்தார். இப்போது லைன் பிள்ளைகள் எல்லாவற்றையும் அவரிடம் தமிழிலேயே சொல்கிறார்களாம். லீவு கேட்பது, சண்டை, முறைப்பாடு, எல்லாம். ஒரு சொல் மட்டும் விளங்கவில்லை என்றார். 'சாருக்கு இப்பக் கொழுப்பு கூடிருச்சு' என்கிறார்களாம். அகராதியில் பார்த்தாராம், ஆனால் நான் மெலிந்த ஆள்தானே அக்கே, என்று குழம்பினார். பாராட்டுத்தானே?

பாராட்டேதான் மல்லி, என்றேன்.

தொடர்பாடலில் எல்லாவற்றையும் உடனே விளக்கிவிடக் கூடாது — இது டிப்ளோமாவில் இல்லை, என் சொந்தச் சரக்கு.