சம்பந்தியும் ஒரே ஒரு 'கூ'வும்

போன சனிக்கிழமை என் பிரெஞ்சு சம்பந்தியைச் சோறு போட்டே திணறடித்துவிட்டேன். சத்தியமாக, அன்பினால்தான்!

மகள் யாழினிக்கு லியோனில் வேலை. மாப்பிள்ளையையும் அங்கேயே பார்த்துக்கொண்டாள். அவன் அம்மா மார்த்தின் யாழினியோடு முதல்முறையாகக் கோலாலம்பூர் வருகிறார் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டால்...?

ஒரு மாதம் கைப்பேசியில் பிரெஞ்சு படித்தேன். மண்டையில் நின்றது ஒரே சொல் – 'கூ'. அடி என்று அர்த்தம்.

"ஒரு வார்த்தைய வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற?" என்றார் கணவர்.

"இது போதும்லா!"

பொய்யில்லை. அவர்களுக்கு போன் செய்வது ஒரு 'கூ'. சட்டென்று ஒரு பார்வை பார்ப்பது ஒரு 'கூ'. ஒரு கிளாஸ் குடிப்பதும் 'கூ'. கையோடு சேர்த்தால் உதவி. மின்னலோடு சேர்த்தால் கண்டதும் காதல்! நாமும் போன் அடிக்கிறோம், சைட் அடிக்கிறோம், தண்ணி அடிக்கிறோம்... தூரத்துச் சொந்தமாக இருப்பார்களோ?

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. என்னையும் மார்த்தினையும் வாசலில் இறக்கிவிட்டு, கணவரும் யாழினியும் பார்க்கிங் தேடிப் போய்விட்டார்கள். மார்த்தின் இலையைப் பளிச்சென்று காலி செய்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

"அண்ணே, சோறு போடுங்க!"

மறுபடி காலி. மறுபடி சோறு. மூன்றாவது தடவை அவர் முகம் தக்காளியாகிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கூ த மேன்... சில் வூ ப்ளே" என்றார்.

கையோடு சேர்ந்த கூ. ஐயோ, உதவி கேட்கிறார்!

சாப்பாட்டை மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று வளர்ந்தவர் அவர். காலி இலையைக் கண்டால் சோறு போடுவது நம் வழக்கம். இலையை மடித்தால்தான் விடுவார்கள் என்று நான் சொல்லவே இல்லையே! சட்டென்று அவர் இலையை மடித்தேன். வாளியோடு வந்த அண்ணன், "போதுமா ஆன்டி?" என்று திரும்பிப் போனார். மார்த்தின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும்தான்.

யாழினியும் கணவரும் வந்தபோது, மார்த்தின் என் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். கடைசியில் 'கூ த ஃபூத்ர்' மட்டும் புரிந்தது. மின்னல் கூ!

பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட என் வீட்டுக்காரருக்கு இந்த மின்னல் அடிக்கவில்லை.