மழை வேண்டாத வேலை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் எனக்கு வானம் பார்க்கும் வேலை. மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிச் சட்டங்களை வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். மேகம் திரண்டால் நான் சத்தம் போட வேண்டும்; பெண்கள் ஓடிவந்து உள்ளே தூக்குவார்கள். நானோ நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். சத்தம் போட்டு மழை வராவிட்டால், "என்னவே, காக்கா பறந்தாலும் கத்துவீரோ?" என்பார் கணக்கப்பிள்ளை. தயங்கி நின்றால், "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீரு?" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் விளையாத வருஷங்களில் அந்தச் சம்பளம்தான் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. அதற்காக, என் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும்போது நானே மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நிற்பேன்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. முதல் தூறலில் மண் மணத்ததும், பருத்தி விதைக்கலாம் என்ற நினைப்பில் அப்படியே நின்றுவிட்டேன். சத்தம் போட மறந்தே போனேன். சட்டங்கள் நனைந்து மருந்தெல்லாம் கரைந்துவிட்டது. கணக்கப்பிள்ளை அந்த இடத்திலேயே என்னை வெளியே போகச் சொன்னார்.

மழையில் நனைந்தபடியே ஊருக்கு நடந்தேன். விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி, "வேலை போன மனுசன் இப்படியா சிரிச்சுக்கிட்டு வாரது?" என்றாள். பிறகு, "சரி, ஈரம் காயுமுன்ன ஏரைக் கட்டுங்க" என்றாள்.

இனி ஐப்பசியில் மேகத்தைக் கண்டால் நான் யாரையும் கூப்பிடப் போவதில்லை, விதைப்பெட்டியைத்தான் எடுப்பேன்.

இதை எழுதியது, முதல் பருத்தி எடுத்த இன்று, மாசி ஐந்தாம் தேதி.