நிபியா தொட்டுப் பார்க்கும் கணினி

மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீரை ஊற்றிவிட்டு, மேசை ஓரத்துப் பழைய மடிக்கணினியின் முதுகில் உள்ளங்கையை வைக்கிறார் நிபியா. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான். "கொதிக்குது. இன்னும் கம்பைல் ஆகுது, பேசாம இரு." எதிரில் உட்கார்ந்திருக்கும் நான்தான் பேசாமல் இருக்க வேண்டும்.

மொந்தேவிதேயோவில் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் புதுக் கணினி உண்டு, நிபியாவுக்கும் உண்டு. ஆனாலும் பதினொரு வருடப் பழசான இதைத் தூக்கிப் போட விடமாட்டார். ஆற்று நீர்மட்ட அளவுகளைப் படிக்கும் ஒரு லைப்ரரியை, ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் தொகுப்பை, அவர் ஊருக்கெல்லாம் இலவசமாகப் பராமரிக்கிறார். அதை எழுதிய நேரத்தைவிட, மற்றவர்கள் இறக்கிக்கொள்ளும்படி பொட்டலம் கட்டும் நேரம்தான் அதிகம். எந்தப் பதிப்போடு எது ஒத்துப்போகும் என்று எண்களைத் திருத்திக்கொண்டே இருப்பார். எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் அந்தக் கம்பைல் நேரத்தை நிமிடத்தில் சொல்லமாட்டார். "ரெண்டு மாத்தே ஆச்சு" என்பார்.

போன வாரம் அவரே சறுக்கினார். சோதனைக்காகப் போட்டிருந்த ஒற்றை வரி பொட்டலத்தோடு வெளியே போய்விட்டது. 'ஓ-டூ' என்று அதற்குப் பெயர். அதைக் கண்டால் கம்பைலர் நிரலை வேகமாக்குகிறேன் என்று மாய்ந்து மாய்ந்து யோசித்து, நினைவகத்தை எல்லாம் விழுங்கிவிடும். சரிபார்க்கும் கட்டளையை ஓட்டியிருந்தால் 'இந்த வரி அவசியமா?' என்று அதுவே கேட்டிருக்கும். அன்றைக்கு அவசரம். பொதுக் கிடங்கில் ஏறிய பதிப்பைத் திரும்ப எடுக்கவும் முடியாது; அதை இறக்குகிற ஒவ்வொருவரும் தம் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும்.

மறுநாள் ஆற்றங்கரை ஊரான சால்தோவிலிருந்து எபெர் எழுதினார். ஆற்றங்கரை வீடுகளுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்பும் தன்னார்வலர். "அக்கா, தண்ணி ஏறுது. புது அளவுமானி அனுப்புறதை உன் பழைய பதிப்பு படிக்கல. புதுசை ஏத்தினா என் ஓட்டை மெஷின் மூச்சுமுட்டி நின்னுபோச்சு."

நிபியாவின் முகம் செத்துப்போனது. அந்த வரியை அழிக்கக் கை வைத்தபோது பக்கத்து மேசை வில்மார் குறுக்கே விழுந்தான். "நூத்துக்கு நாலு வேகம் கூடுதே, எடுத்துடாதே!"

"அளவு வர்றதே பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா. உன் நாலை வச்சு எபெர் என்னடா பண்ணுவான்? வேகம் வேணும்னா உன் மெஷின்ல நீ போட்டுக்கோ. அடுத்தவன் மெஷின்ல நாம ஏன் கை வைக்கணும்?"

இந்த வாய்க்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

வரி போனது. உண்மையிலேயே வேகம் வேண்டிய ஒரு சின்ன நிரல் துண்டை மட்டும் வேகமாக்கச் சொல்லி உள்ளே ஒரு குறிப்பு எழுதினார். இந்த முறை சரிபார்க்கும் கட்டளையை இரண்டு தடவை ஓட்டினார். பிறகு எபெரின் மெஷின் போலவே நினைவகம் குறைந்த பழைய கணினியில் கம்பைல் செய்யவிட்டு, முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மாத்தேயில் முடிந்தது. அடுத்த எண் போட்டுப் பதிப்பை ஏற்றினார்.

சாயங்காலம் எபெரிடமிருந்து பதில் வந்தது. "புதுப் பதிப்பு ஏறிடுச்சு அக்கா, அளவு வருது. கீழ்த்தெருவுக்குச் சொல்லியாச்சு, எல்லாரும் மேட்டுக்குக் கிளம்பிட்டாங்க."

நிபியா அதை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு பழைய கணினியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. கழுத்துத் துண்டை அவிழ்த்து, அதன் மேல் இருந்த தூசியை மெல்லத் துடைத்தார்.