தங்கைக்கான ஜெபக் குறிப்பு

என் தங்கைக்கு மார்பில் கட்டி இருந்தது அப்போது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, பதுளை பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு, எனக்கு. ஊசி குத்திச் சாம்பிள் எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட் வர இரண்டு வாரமாகும் என்றார்களாம். பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகாமல், நான் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு நேரே வந்தாள். தூங்குகிற குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதைச் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லிராத அக்கா. அம்மாகிட்டகூட வேணாம். நீ ஜெபம் மட்டும் பண்ணு."

அவளுக்கு நிச்சயமாகி மூன்று மாதம். மாப்பிள்ளை வீடு ஹல்துமுல்லைப் பக்கம். ரிப்போர்ட் மோசமாக வந்தால் மாப்பிள்ளையிடம் தானே நேரில் சொல்வதாக இருந்தாள். "நான்தான் சொல்லணும். வேற வாயால அவருக்குப் போகக் கூடாது" என்றாள். சத்தியம் பண்ணுவது எங்கள் சபையில் ஆகாது என்பதால் பலமாகத் தலையை ஆட்டி வைத்தேன்.

மூன்று நாள் ஜெபம் பண்ணினேன். பண்ணினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முழங்காலில் நின்றால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் பெரியம்மா செத்துப்போனதும் இப்படி ஒரு கட்டியில்தான். என் ஒருத்தியின் ஜெபம் போதாது என்ற பயம் பிடித்துக்கொண்டது. மானேஜர் துரைக்கு மனுக் கொடுத்தால் கையெழுத்து நிறைய இருக்க வேண்டும் என்று தோட்டத்தில் பழகிய புத்தி, ஆண்டவரிடமும் அதையே தேடியது.

வெள்ளிக்கிழமை பக்கத்து லய வரிசையில் வீட்டு ஜெபம். முடிகிற நேரம் பாஸ்டரம்மா வழக்கம்போல, "ஜெபக் குறிப்பு இருக்கிறவங்க சொல்லுங்க" என்றார். ஒருத்தி மகனின் பரீட்சைக்குச் சொன்னாள். இன்னொருத்தி புருஷனின் குடிக்குச் சொன்னாள். பாழாய்ப்போன என் வாய் சும்மா இருந்ததா?

"ஒரு சகோதரிக்கு மார்ல கட்டி. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காங்க. பேர் வேணாம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அப்புறம் பெயர் எதற்கு? எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவள் பதுளை பஸ் ஏறியதைப் பாதித் தோட்டம் பார்த்திருந்தது. எல்லோரும் கண்ணை மூடி, உருகி உருகித்தான் ஜெபித்தார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் செய்தி ஹல்துமுல்லைக்குப் போய்விட்டது. அவர்களும் ஜெபிக்கட்டும் என்றுதான் யாரோ சொன்னார்களாம்.

மாப்பிள்ளையின் அம்மா தங்கைக்குப் போன் பண்ணியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஏம்மா, எங்ககிட்ட ஒளிச்சிட்டீங்களே" என்றது எனக்கே கேட்டது. தங்கை கடைசிவரை கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஜெபத்துக்குத்தான்டி சொன்னேன். பேர்கூடச் சொல்லல."

"நான் உன்னைக் கடவுள்கிட்டதான சொல்லச் சொன்னேன்?"

அதோடு சரி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ரிப்போர்ட் வரும்வரை என்னோடு அவள் பேசவில்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து அழுதார்.

ரிப்போர்ட் நாளன்று கூப்பிடாமலே அவள் பின்னால் பஸ் ஏறினேன். அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலும் ஒரே வாங்குப் பலகையில் இரண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அவள் நம்பரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். "நீ இரு" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

ஜெபிக்கப் பார்த்தேன். கட்டிக்காகவா, கல்யாணத்துக்காகவா, அவள் என்னை மன்னிப்பதற்காகவா? எதை முதலில் கேட்பது? என் பயத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேடித்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன், அவளுக்காக அல்ல என்பது அந்த வாங்கில்தான் எனக்கு உறைத்தது. ஐயோ என்று இருந்தது.

கதவு திறந்தது. "ஒண்ணுமில்லையாம். கொழுப்புக் கட்டியாம்" என்று சொல்லிவிட்டு அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

அந்த ஞாயிறு, ஜெபம் கேட்கப்பட்டது, எழும்பிச் சாட்சி சொல்லுங்கள் என்று பாஸ்டரம்மா என்னைக் கூப்பிட்டார். நான் எழும்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்போம் என்றார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவே இல்லை. அதற்கு என்ன சாட்சி சொல்வது?

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு துணியை எடுத்து அவளும் மடித்தாள்.

"அக்கா, எனக்காக ஜெபம் பண்றியா?"

'எதுக்குடி?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எதுக்குன்னு கேக்காத" என்றாள்.

தினமும் முழங்காலில் நிற்கிறேன். நோயா, யாரோ ஒரு ஆளா, வேறு ஏதாவதா, ஒன்றும் தெரியாது. இன்றுவரை நான் கேட்கவில்லை.